நாயனத்துக்கு முன்னால் ஒரு மைக்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்ணுகிற இளைஞர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மைக், ஒரு லாப்டாப், விளக்கு எரிகிற ஒரு சின்னப் பெட்டி. அம்மா மிக்ஸியை நிறுத்தியதும் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதற்குள் முடித்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸிலேயே இரண்டு பேர் உண்டு. அதில் அக்கவுன்ட்ஸ்காரர் கிடார் வாசித்துக்கொண்டே காதல் தோல்விப் பாட்டுப் பாடுவார். (கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். யார் என்ன செய்ய முடியும்?)

இவர்களுடைய கவலையெல்லாம் ஒன்றுதான். சத்தம் போதவில்லை! மைக்கை வாய்ப்பக்கம் நகர்த்து, கெயினைக் கூட்டு, ஃபேனை நிறுத்து...

என் பிரச்னை நேர் எதிர். நான் ரெக்கார்டு பண்ண வேண்டியிருந்த ஆசாமி கோபுர வாசலில் நின்று வாசித்தால், ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள் 'சாமி புறப்பட்டாச்சு' என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் பெரியப்பா. நாதஸ்வரம். ஊரில் நாயனம் என்றுதான் சொல்லுவோம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாசித்தவர். இப்போது எழுபதைத் தாண்டியாயிற்று. சென்னைக்கு வந்தது கச்சேரிக்காக இல்லை, பல் வைத்தியத்துக்காக. மேலே இரண்டு, கீழே மூன்று, எல்லாம் முன் பல். ஆடிக்கொண்டிருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "திங்கக்கிழமை எடுத்துடலாம்" என்றார், ஏதோ பீரோ மேலிருந்து பெட்டியை எடுக்கிற மாதிரி.

உங்களுக்கும் எனக்கும் முன் பல் போனால் முறுக்கு போச்சு, கரும்பு போச்சு, அவ்வளவுதான். நாயனக்காரர் கதை வேறு. சீவாளியை உதடு கவ்வ வேண்டும். அந்த உதட்டுக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்பவை முன் பற்கள். சுவரை எடுத்தால் பிடி போகும். கட்டுப்பல் வைத்துக்கொண்டு மறுபடி பழகலாம். மாதக்கணக்காகும். பழைய பிடி வருமா என்பது வாசித்துப் பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வாய் என்னோடது. அப்பறம் டாக்டரோடது" என்றார் பெரியப்பா, சிரித்துக்கொண்டே. பெரியம்மா சிரிக்கவில்லை.

அன்று இரவு பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, ஒங்க பெரியப்பா வாசிச்சது நல்லதா ஒண்ணு வீட்ல இல்லியே. நீ கம்ப்யூட்டர்லாம் வச்சிருக்கியே..." என்று இழுத்தார்.

இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

* * *

1994-ல் எங்கள் அத்தை மகள் கல்யாணம். பெரியப்பா அப்போது நல்ல ஃபார்மில் இருந்தார். மாப்பிள்ளை அழைப்பில் ஒன்றரை மணி நேரம் வாசித்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பேசுவார்கள். வீடியோ எடுத்தவர் ஒரு கெட்டிக்காரர். 'சவுண்டு சூப்பராக வர வேண்டும்' என்று, மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கேமராவின் மைக் துளையில் நேராகச் செருகிவிட்டார்.

மைக் என்பது பரம சாது. அது கொடுப்பது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. கேமராவின் மைக் துளை அவ்வளவைத்தான் எதிர்பார்க்கும். ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டிலோ ஒரு வோல்ட் சுமாருக்கு வரும். சில நூறு மடங்கு! ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டவனுக்கு மதகைத் திறந்துவிட்ட கதை.

விளைவு: கேஸட்டில் பெரியப்பாவின் தோடி, கிழிந்த ஸ்பீக்கரில் ரைஸ் மில் ஓடுவது மாதிரி இருக்கிறது. படத்தில் அவர் கண்ணை மூடி உருகுகிறார். சத்தத்தில் நெல் அரைபடுகிறது. அந்தக் கேஸட்டை ஒரு தடவைதான் போட்டார்கள். பெரியப்பா பாதியில் எழுந்து வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்தவை செல்போன் வீடியோக்கள். அவற்றில் வேறு கூத்து. போன், பேச்சுக்காகச் செய்த கருவி. சத்தம் கூடினால் தானாகவே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் தானாகவே கூட்டிக்கொள்ளும். தவிலில் ஓர் அடி விழுந்ததும் நாயனம் தண்ணீருக்குள் அமுங்கி, மூச்சு வாங்கி, மறுபடி மேலே வரும். அடுத்த அடி. மறுபடி முழுக்கு. மாமாங்கக் குளத்தில் வாசித்த மாதிரி!

ஆக, ஐம்பது வருஷத்துக்குச் சாட்சி ஒரு ரைஸ் மில்லும் சில முழுக்குகளும். கையில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

* * *

சத்தம் ஏன் கிழிகிறது என்பதை ஆபீஸ் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக் ஒரு கூச்ச சுபாவமுள்ள கிளார்க். அவர் முணுமுணுப்பது மேலதிகாரிக்குக் கேட்காது. அதனால் நடுவில் ஒரு செக்‌ஷன் ஆபீஸர் இருக்கிறார். கிளார்க் சொல்வதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வதுதான் அவர் வேலை. அவர் பெயர் ப்ரீ ஆம்ப். உங்கள் சின்னப் பெட்டியில் 'கெயின்' என்று போட்டிருக்கிற குமிழ் அவருடைய காதைத் திருகுகிற குமிழ். அதற்கும் மேலே, எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி எழுதிக்கொள்ளும் ஒரு ரெக்கார்டு கீப்பர்.

கிளார்க் முணுமுணுக்கிற வரை எல்லாம் சுகம். ஒருநாள் கிளார்க்கே கத்தினால்? செக்‌ஷன் ஆபீஸரின் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. அவருக்குக் கிடைக்கிற மின்சாரத்துக்கு மேல் அவரால் குரல் எழுப்ப முடியாது. அந்த எல்லையைத் தொட்டதும் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். அந்த வெட்டுத்தான் காதில் கொரகொரவென்று கேட்கிறது.

பழைய வீட்டு நிலைப்படி ஞாபகமிருக்கிறதா? அஞ்சரை அடி உயரம். ஆறடி ஆள் அப்படியே நுழைந்தால் தலை இடிக்கும். இடித்த பிறகு 'ஒலியைக் குறைக்கிறேன்' என்று கம்ப்யூட்டரில் குறைப்பது, தலை வெட்டுப்பட்ட போட்டோவைச் சின்னதாகப் பிரின்ட் போடுகிற மாதிரி. படம் சின்னதாகும். தலை வராது. குனிய வேண்டியது நுழைவதற்கு முன்னால்!

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், வாய்ப்பாடு பத்தாம் வாய்ப்பாடுதான். ஒலியை டெசிபலில் அளப்பார்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் 60 சுமார். ஒவ்வொரு 20 டெசிபல் கூடும்போதும் மைக்கிலிருந்து வருகிற வோல்டேஜ் பத்து மடங்காகும். ஸ்டூடியோக்களில் பாட்டுக்கு வைக்கிற கண்டென்ஸர் மைக் ஒன்று 94 டெசிபலுக்கு 20 மில்லி வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 114-க்கு 200 மில்லி வோல்ட். 134-க்கு 2 வோல்ட்! சின்னப் பெட்டிகள் சில ஒரு வோல்ட்டுக்குள்ளேயே திணறிவிடும். கெயினைப் பூஜ்யத்துக்குத் திருகினாலும் பிரயோஜனமில்லை. வாசலிலேயே இடித்துவிடுகிறது.

மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கிற டைனமிக் மைக் இன்னும் சாது. அதே 94 டெசிபலுக்கு அது தருவது 2 மில்லி வோல்ட்டுக்கும் குறைவு. 134-க்குக்கூட 200 மில்லி வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மெதுவாகப் பேசுகிறவரிடம் அதை வைத்தால் இரைச்சல்தான் வரும். தவிலுக்கு முன்னால் வைத்தால் சமர்த்து.

* * *

சனிக்கிழமை காலை ஆபீஸ் நண்பர் (காதல் தோல்விக்காரர்தான்) தன் பெட்டியையும் கண்டென்ஸர் மைக்கையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பா சீவாளியை நனைத்து வாயில் வைத்து 'பீ' என்று ஒரு சோதனை கொடுத்தார். நண்பர் இரண்டடி பின்னால் போனார்.

"சார், கொஞ்சம் மெதுவா வாசிக்க முடியுங்களா?" என்றார் பணிவாக.

அறையில் நிசப்தம். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண ரிசப்ஷனில், 'விருந்தாளிங்க பேசிக்க முடியல, கொஞ்சம் சன்னமா வாசிங்க' என்று ஒருவர் சொன்னதற்கு, பெரியப்பா வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே ஊர் போய்ச் சேர்ந்தவர்.

நல்ல வேளை, கோபப்படவில்லை. பொறுமையாகவே சொன்னார்: "தம்பி, நாயனம் தெருவுக்குப் பொறந்தது. காத்தைக் கொறச்சா சுருதி எறங்கும். சுருதி எறங்கினா கமகம் நிக்காது. ஒங்க மிஷினைத்தான் கொறைக்கணும். வாத்தியத்தக் கொறைக்கப்படாது."

ஒலிப்பதிவுப் பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதைத்தான். மூலத்தைத் தொடாதே. அதற்கப்புறம் உள்ளதையெல்லாம் சரி பண்ணு.

இது நமக்கு வந்த புதுச் சோதனையும் இல்லை. 1925-ல் மின்சார ரெக்கார்டிங் வருவதற்கு முன்னால் கிராமபோன் கம்பெனிகளில் மைக்கே கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். உச்ச ஸ்தாயி வரும்போது பாடகர் பின்னால் நகர்ந்துகொள்வார். இல்லாவிட்டால் ஊசி தாறுமாறாகக் குதிக்கும். பிறகு மைக் வந்தது, ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956) தட்டுகளில் வாசித்தார். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலம், 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு மதுரை சகோதரர்கள் சேதுராமன் - பொன்னுசாமி. அந்தக் காலத்துக் கருவிகளுக்குள்ளேயே நாயனம் அடங்கியிருக்கிறது. எங்கள் ஹாலில் ஏன் அடங்காது?

அடங்கவில்லை! மைக்கை இரண்டடியில் வைத்து, கெயினை ஒரேயடியாகக் குறைத்தும், பெரியப்பா மேல் ஸ்தாயியைத் தொட்டபோதெல்லாம் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்று வைத்திருந்தேன். அது 100-க்கு மேல் கொஞ்சம் ஏறி, அப்புறம் என்ன வாசித்தாலும் அங்கேயே நின்றது. போனின் மைக்கே மூச்சு முட்டிவிட்டது என்று அர்த்தம்.

* * *

இந்த இடத்தில் முக்கியமான கேள்வி: கிழிவது எங்கே? மூன்று பேரில் யார் குற்றவாளி? கிளார்க்கா, செக்‌ஷன் ஆபீஸரா, ரெக்கார்டு கீப்பரா?

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. 'பேட்' என்று ஒரு சமாசாரம் கடையில் கிடைக்கும். விரல் நீளத்துக்கு ஒரு குழாய். மைக் ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவே செருக வேண்டும். உள்ளே சில ரெஸிஸ்டர்கள். 20 டெசிபல் பேட் என்றால் வருகிற வோல்டேஜைப் பத்தில் ஒன்றாக்கி உள்ளே அனுப்பும். (வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கண்டென்ஸர் மைக்குக்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அதைத் தடுக்காத பேடாக இருக்க வேண்டும்.)

பேட் போட்டதும் கிழிசல் நின்றால் குற்றவாளி ப்ரீ ஆம்ப். வழக்கு முடிந்தது. பேட் போட்டு, சிவப்பு விளக்கும் எரியாமல், அப்போதும் கொரகொரத்தால் குற்றவாளி மைக்கே. கண்டென்ஸர் மைக்குக்குள் அதற்கென்று ஒரு குட்டி ஆம்ப் இருக்கிறது. அது வெட்டிவிட்டால், அப்புறம் வெளியே எத்தனை பேட் போட்டாலும் வெட்டுப்பட்ட ஒலிதான் சின்னதாக வரும். அப்போது மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது மைக்கின் உடம்பிலேயே '-10' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைத் தட்ட வேண்டும், அல்லது டைனமிக் மைக்குக்கு மாற வேண்டும்.

நண்பரிடம் ஒரு பேட் இருந்தது. செருகினார். பெரியப்பா அதே இடத்தை வாசித்தார். விளக்கு எரியவில்லை. ஹெட்போனில் கேட்டேன். ரைஸ் மில் இல்லை! நெல் அரைபடவில்லை! அணைசிலிருந்து வெளிவருகிற அந்தப் பித்தளைப் பளபளப்பு, அதற்கு அடியில் ஆச்சா மரத்தின் கனம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.

ஆனால் இரண்டடியில் அணைசுக்கு நேரே வைத்தால் காதில் ஊசி குத்துகிறது. நாயனத்தில் சத்தம் அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய், நாலடி தள்ளி, துளைகள் இருக்கிற நடுப்பகுதியைப் பார்த்து வைத்தோம். வெட்டவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும், அதாவது வோல்டேஜ் பாதி. ஹாலில் அவ்வளவு குறையாது. சுவர் திருப்பி அடிக்கும். தள்ளி வைக்க வைக்க நாயனத்தோடு எங்கள் ஹாலும் சேர்ந்து வாசித்தது.

அதற்கு வைத்தியம் பெரியம்மா செய்தார். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஜன்னலில் போர்வை கட்டி, புடவை பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தார். முப்பது வருஷப் பட்டுப் புடவைகள் எதிரொலியை விழுங்கிவிட்டன. காசு கொடுத்து வாங்குகிற நுரைப் பலகைக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை. (என் மனைவி இதைப் படித்துவிட்டு, ரெக்கார்டிங்குக்கு இன்னும் நாலு பட்டு வேணும் என்கிறாள்.)

* * *

ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை என்று அடுக்கு மாடி சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். "எக்ஸாம் டைம் சார்" என்று இழுத்தவர், பல் விஷயத்தைச் சொன்னதும், "சரி, சரி, ஒரு மணி வரைக்கும்" என்று இறங்கி வந்தார்.

பத்தரைக்குத் தவில்காரர் வந்தார். பெரியப்பாவோடு முப்பது வருஷம் வாசித்தவர், இப்போது தாம்பரம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். வந்ததும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெரியப்பா வெற்றிலைப் பெட்டியை நகர்த்தினார், அவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். அவ்வளவுதான் குசலம்.

"எந்தப் பல்லு?" என்றார் அப்புறம்.

பெரியப்பா உதட்டைத் தூக்கிக் காட்டினார். தவில்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரல்களில் கூடு மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

தவிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது ஒலி ஒரு கணத்தில் உச்சிக்குப் போய் அடுத்த கணம் இறங்கிவிடும். அளவு காட்டுகிற முள் மெதுவாக நகர்கிற ரகமாக இருந்தால், அது 'எல்லாம் சௌக்கியம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாலு வெட்டு விழுந்திருக்கும். உச்சியைக் காட்டுகிற மீட்டரைத்தான் நம்ப வேண்டும். தவிலுக்கு டைனமிக் மைக்கை வைத்தோம்.

அடுத்தது, வித்வான்களின் ரகசியம். 'டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் வாசிங்க' என்றால் யாரும் முழு பலத்தோடு வாசிக்க மாட்டார்கள். நிஜக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் சூடு பிடித்ததும் கை தன்னால் ஏறும். டெஸ்ட்டில் சரியாக இருந்த கெயின் அப்போது காலை வாரிவிடும். அதனால் டெஸ்ட்டிலேயே, "பெரியப்பா, தேர் நிலைக்கு வர்ற நேரம், கூட்டம் கத்துது, அந்த மாதிரி வாசிங்க" என்றேன். வாசித்தார். மேஜை மேல் காபி டம்ளர் கிணுகிணுத்தது. அந்தச் சத்தத்துக்கு மீட்டர் பூஜ்யத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கிற மாதிரி வைத்து, அதற்கப்புறமும் இன்னொரு 6 குறைத்தேன்.

"ரொம்பக் கம்மியா இல்ல?" என்றார் நண்பர்.

இல்லை. சத்தமாகப் பதிய வேண்டும் என்பது டேப் காலத்துப் பழக்கம். டேப்புக்கு 'உஸ்' என்று ஒரு சொந்தக் குரல் உண்டு. மெதுவாகப் பதிந்தால் அந்த உஸ் மேலே வந்துவிடும். தாண்டிப் போனாலும் டேப் மெல்ல மெல்லத்தான் கசங்கும். டிஜிட்டலுக்கு அந்த இரக்கம் கிடையாது. பூஜ்யத்தைத் தாண்டினால் ஒரே வெட்டு. பதிலுக்கு 24 பிட் பதிவில் கீழே நிறைய இடம் இருக்கிறது. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம், கணக்குப்படி 144. நிஜக் கருவிகளில் அவ்வளவு கிடைக்காது என்றாலும், 18 டெசிபலைக் காலியாக விட்டால் ஒன்றும் குடி முழுகாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

(இப்போது '32 பிட் ஃப்ளோட்' என்று சில ரெக்கார்டர்கள் வந்திருக்கின்றன. கெயினே வைக்க வேண்டாம், எவ்வளவு ஏறினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். எண்ணாக மாறிய பிறகு அது உண்மை. ஆனால் மைக்கோ, எண்ணாக மாறுவதற்கு முன்னால் உள்ள ஆம்ப்போ வெட்டிவிட்டால் அதுவும் கையை விரித்துவிடும்.)

காதையும் மறக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலில் கால் மணிதான் தாங்கும் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் நுரை அடைப்பான் வைத்துக்கொண்டோம். தவில்காரருக்கு நீட்டினேன். "இந்தக் காது போயி பத்து வருஷமாச்சு தம்பி. எதை அடைக்கிறது?" என்றார்.

* * *

பதினொன்று அடித்தது. பெரியப்பா உட்காரவில்லை. "மல்லாரி நின்னுதான் வாசிக்கணும்" என்றார். "சாமி இல்லாம மல்லாரி வாசிக்கறதும் தப்புதான். ஒங்க பெரியம்மா கேட்டாளேன்னு வாசிக்கிறேன்." காலண்டர் சுவாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு.

கம்பீர நாட்டை. தேர் மல்லாரி. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் தேர் வடம் பிடித்து இழுக்கப்பட்டது. மூன்றாம் காலத்தில் தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனஸ் 18... 14... 11... 8. அங்கே நின்றது. டெஸ்ட்டுக்கு மேல் பத்து டெசிபல் ஏறியிருந்தார், மனுஷர்! அந்தக் கூடுதல் ஆறு மட்டும் விடாமல் இருந்திருந்தால் மைனஸ் 2-ல் நிலைப்படியை உரசிக்கொண்டு போயிருப்பார்.

பிறகு உட்கார்ந்து தோடி. நாற்பது நிமிஷம். மாடிப்படியில் செருப்புச் சத்தம் நின்று போனது எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தபோது செயலாளர், அவர் மனைவி, மூன்றாவது மாடிப் பையன்கள், இஸ்திரிக்காரர், எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மணி ஒன்றேகால். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சாயந்திரம் பெரியப்பாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். தோடியை முழுசாகக் கேட்டார். ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இதோ பாரு. இங்க காத்து கசியுது. பல்லு ஆடுது. தெரியுதா?"

மறுபடி போட்டேன். 'ஸ்ஸ்' என்று ஒரு இழை, மேல் ஷட்ஜமத்துக்கு முன்னால். உன்னிப்பாகக் கேட்டால்தான் தெரியும்.

"கம்ப்யூட்டர்ல அதைச் சரி பண்ணிடலாம் பெரியப்பா" என்றார் நண்பர்.

"வேணாம் தம்பி. அது நாந்தான். இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தொண்ணூத்தி நாலுல எடுத்தானே, அதுல நானும் இல்ல, பல்லும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றார்.

கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது: என் லாப்டாப், ஒரு பென் டிரைவ், தவில்காரரின் மகனுடைய ஹார்டு டிஸ்க். நல்ல ரெக்கார்டிங்கை ஒரே இடத்தில் வைத்திருப்பது, ஒரே மகளை நம்பி வீட்டை எழுதி வைக்கிற மாதிரி என்று பெரியம்மா சொல்கிறார். செயலாளர் தனக்கும் ஒரு காப்பி கேட்டிருக்கிறார். அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏதாவது தள்ளுபடி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஐந்து பற்களும் போயின. கட்டுப்பல் வைக்க மூன்று மாதமாகுமாம். பெரியப்பா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போன் பண்ணினேன். பஞ்சு வைத்த வாய் இல்லை, ஆனாலும் சொற்கள் கொஞ்சம் காற்றோடுதான் வந்தன.

"சீவாளி மட்டும் வாயில வச்சுப் பாக்கறேன்டா. வெறும் காத்துதான் போவுது. தையில பல்லு கட்டிடுவாங்க. சித்திரைக்குள்ள கீழ் ஷட்ஜமமாவது நின்னுடும்னு தோணுது" என்றார். அப்புறம், "அந்தப் பேடோ என்னமோ சொன்னியே, அதை யாருக்கும் குடுத்துடாதே" என்றார்.